தேதி தப்பலாம்; கணக்கு தப்பாது!

(பட்டிமன்றத் தலைப்பு: உலக எண்ணெய் உற்பத்தி உச்சத்தைத் தொட்டு இறங்கப் போவது, பூமி தர முடியாததாலா? மனிதன் வேண்டாம் என்பதாலா? ‘பூமி தர முடியாததாலே’ என்ற அணியில் பேசியது.)

எங்களிடம் தோற்பதற்காகவே இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கத்திலே அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து, அடுப்பிலே இருக்கிற பாலையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிற சகோதரிகளே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வி கேட்டார். ‘தமிழ் வாத்தியாருக்கும் பெட்ரோலுக்கும் என்னய்யா சம்பந்தம்?’ என்றார். நடுவர் அவர்களே, நான் தினமும் ஸ்கூட்டரிலே கல்லூரிக்குப் போகிறவன். பங்கிலே பையன் சொல்றான், ‘சார், ஜீரோ பாருங்க’. பார்க்கிறேன். போட்டு முடித்ததும் என் பர்சைத் திறந்து பார்க்கிறேன். அங்கேயும் ஜீரோ! (பலத்த சிரிப்பு) இதைவிடச் சம்பந்தம் வேறு என்ன வேண்டும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எதிரணி நண்பர் ரொம்ப நல்லாப் பேசினார். கை தட்டினவர்களில் நானும் ஒருவன். ‘1956-லிருந்து எண்ணெய் தீரப்போகுது, தீரப்போகுதுன்னு இவங்க சொல்லிக்கிட்டே இருக்காங்க; புலி வருது, புலி வருதுன்னு கத்தின பையன் கதைதான் இது’ என்றார். ஐயா, அந்தக் கதையை நீங்கள் பாதியிலேயே நிறுத்திட்டீங்க. கடைசியில் என்ன ஆச்சு? புலி வந்துச்சுங்க! (கைதட்டல்)

அவர் சொன்ன குற்றச்சாட்டை நான் மறைக்கப் போவதில்லை. வக்கீல் கட்சிக்காரரின் தப்பை மறைக்கலாம். வாத்தியார் மறைக்கக் கூடாது. எங்கள் பக்கத்திலே தேதி சொன்னவர்கள் தோற்றிருக்கிறார்கள்.

ஷெல் நிறுவனத்தில் வேலை பார்த்த நிலவியல் அறிஞர் கிங் ஹப்பர்ட். 1956-ல் டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோ நகரத்திலே, எண்ணெய்க்காரர்கள் கூடியிருந்த சபையிலே எழுந்து நின்று ஒரு கணக்குச் சொன்னார். ‘அமெரிக்காவின் எண்ணெய் உற்பத்தி 1965-க்கும் 1970-க்கும் இடையில் உச்சத்தைத் தொடும், பிறகு இறங்கும்’ என்றார். கல்யாண வீட்டிலே போய், ‘இந்தப் பந்தலைச் சாயங்காலம் பிரிச்சுடுவாங்க’ன்னு சொன்ன மாதிரி. யாருக்குப் பிடிக்கும்? பலரும் நம்பவில்லை. ஆனால் 1970-ல் நாளொன்றுக்கு சுமார் 96 லட்சம் பீப்பாய் என்று உச்சத்தைத் தொட்டது. பிறகு இறங்கியது. இறங்கி, இறங்கி, 2008-ல் 50 லட்சத்துக்கு வந்தது. மனுஷன் சொன்னது பலித்துவிட்டது.

அதே ஹப்பர்ட் உலகத்துக்கும் ஒரு கணக்குச் சொன்னார். 2000-ஆம் ஆண்டு வாக்கிலே உச்சம் என்றார். பலிக்கவில்லை. 1998-ல் காலின் கேம்பெல், லாஹெரேர் என்ற இரண்டு அறிஞர்கள், ‘இன்னும் பத்து வருஷத்துக்குள்ளே’ என்று எழுதினார்கள். அதுவும் நடக்கவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெஃபீஸ், 2005 நவம்பரில், அமெரிக்கர்கள் நன்றி சொல்லும் பண்டிகை கொண்டாடுகிற நாளையே குறித்துக் கொடுத்தார். பாதி வேடிக்கையாகத்தான். நம்ம ஊர் ஜோசியர்கூட ‘தை பிறந்தா வழி பிறக்கும்’னு பொதுவாச் சொல்லித் தப்பிச்சுக்குவார், இவர் நாளையே குறிச்சுட்டார். (சிரிப்பு)

இன்னும் ஒருத்தர் பந்தயமே கட்டினார். மாத்யூ சிம்மன்ஸ். சவுதி எண்ணெய் வயல்கள் தளர்ந்துவிட்டன என்று புத்தகம் எழுதியவர். 2010-ல் எண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்கு 200 டாலரைத் தாண்டும் என்று, பத்திரிகையாளர் ஜான் டியர்னியுடன் 2005-ல் 5,000 டாலர் பந்தயம். 2010-ல் சராசரி விலை சுமார் 80 டாலர்தான். அந்த வருஷம் ஆகஸ்டிலே சிம்மன்ஸ் காலமாகிவிட்டார். பந்தயம் டியர்னி பக்கம் ஜெயித்தது.

ஆக, எங்கள் பக்கம் சொன்ன தேதிகள் தப்பிவிட்டன. ஒப்புக்கொள்கிறேன். உங்க பக்கத்து ஜோசியம் மட்டும் பலித்ததா? 2020-ல், கொரோனா நேரத்திலே, பி.பி. என்ற பெரிய எண்ணெய் நிறுவனம் மூன்று விதமாகக் கணக்குப் போட்டு அறிக்கை வெளியிட்டது. அதிலே இரண்டு கணக்கின்படி, 2019-லேயே எண்ணெய்த் தேவை உச்சத்தைத் தொட்டு முடிந்துவிட்டது! மனிதன் வேண்டாம் என்று சொல்லத் தொடங்கிவிட்டான்! நடந்தது என்ன? 2024-ல் உலகம் நாளொன்றுக்குப் பத்துக் கோடியே முப்பது லட்சம் பீப்பாய் அளவுக்குப் பயன்படுத்தியது. 2019-ஐ விட அதிகம். ஒரு பீப்பாய் என்றால் 159 லிட்டர். கைக்குழந்தை உட்பட உலகத்திலே பிறந்த ஒவ்வொருத்தருக்கும் தினமும் இரண்டு லிட்டர்! வேண்டாம் என்கிறவன் தினமும் இரண்டு லிட்டரா குடிப்பான்? (கைதட்டல்)

ரெண்டு பேர் ஜோசியமும் பொய்த்துப் போச்சு நடுவர் அவர்களே. அதனாலே தேதியை விட்டுவிடுவோம். எண்ணெய் எதனால் இறங்கும் என்பதுதானே இன்றைக்குத் தலைப்பு? அதைச் சொல்ல நான் டெக்சாஸ் போக வேண்டாம். எங்கள் தாத்தாவின் கிணற்றுக்குப் போனால் போதும்.

எங்களுக்குத் தர்மபுரிப் பக்கத்திலே ஒரு சின்னக் கிராமம். தாத்தாவுக்கு நாலு ஏக்கர் தோட்டம். நாற்பது அடிக் கிணறு. மாடு கட்டிக் கமலை இறைச்ச கிணறு அது. நான் சின்னப் பையனா இருக்கும்போது தாத்தா கிணற்றை எட்டிப் பார்த்து, ‘தண்ணி இறங்குதுடா’ என்பார். அப்பா என்ன செய்தார்? கிணற்றை அறுபது அடிக்கு வெட்டினார். மோட்டார் வைத்தார். தண்ணி கொட்டுச்சு. ‘பார்த்தீங்களா அப்பா, இறங்குது இறங்குதுன்னீங்களே’ என்றார். தாத்தா பேசவில்லை.

பத்து வருஷம் கழிச்சு 250 அடிக்கு போர் போட்டோம். தண்ணி வந்தது. ‘பார்த்தீங்களா!’ அப்புறம் 600 அடி. வந்தது. ‘பார்த்தீங்களா!’ அப்புறம் 900 அடி. முதலிலே புகைதான் வந்தது. பக்கத்திலே இன்னொன்று போட்டோம். கம்ப்ரசர் வைத்தால் கொஞ்சம் நுரையும் கொஞ்சம் தண்ணியுமாகத் துப்பியது. இந்தத் தடவை ‘பார்த்தீங்களா’ என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. போர் போட்ட கடனுக்கு வட்டி கட்டவே தோட்டத்து வருமானம் பத்தவில்லை. நாலு ஏக்கரையும் விற்றோம்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கள். எங்கள் தோட்டத்திலே தண்ணி தீர்ந்துபோச்சா? இல்லைங்க. ஆயிரத்து இருநூறு அடியிலே இன்றைக்கும் இருக்கலாம். தண்ணி தீரவில்லை, அதை எடுக்க எங்களிடம் இருந்த சக்தி தீர்ந்தது. ஒவ்வொரு தடவையும் தண்ணி வந்ததைத்தான் அப்பா பார்த்தார். ஆழம் கூடினதைத் தாத்தா பார்த்தார். (நீண்ட கைதட்டல்)

‘உச்சம்’ என்றால் எதிரணியினர் என்ன நினைச்சுக்கிட்டாங்க? ஒரு நாள் காலையிலே எழுந்து குழாயைத் திறந்தால் சொட்டு எண்ணெய் வராது என்று நினைக்கிறார்கள். அப்படி ஹப்பர்ட் சொல்லவே இல்லை. உச்சம் என்பது பாதி பானை காலியாகிற நேரம். மீதிப் பாதி இருக்கும். ஆனால் அது சுலபமாக வராது. அகப்பையை அடிவரைக்கும் விட வேண்டும்.

1859-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே டிரேக் என்பவர் எண்ணெய்க் கிணறு தோண்டினார். எவ்வளவு ஆழம் தெரியுமா? அறுபத்தொன்பதரை அடி! எங்க அப்பா வெட்டின கிணற்றைவிட ஒன்பதரை அடிதான் அதிகம். இன்றைக்கு பிரேசில் எங்கே எடுக்கிறது? நடுக்கடலுக்குப் போய், இரண்டு கிலோமீட்டர் தண்ணீரைத் தாண்டி, அதுக்குக் கீழே பாறையைத் தாண்டி, அதுக்கும் கீழே இரண்டு கிலோமீட்டர் கனத்துக்கு உப்புப் படிவத்தைத் துளைத்து எடுக்கிறது. கனடாவிலே எண்ணெய் கலந்த மணலை வெட்டி அள்ளுகிறார்கள். ஒரு பீப்பாய்க்குச் சுமார் இரண்டு டன் மணல். வீட்டு வாசலிலே கீரைக்காரம்மா வரும்போது யாராவது கீரைக்காக இமயமலை ஏறுவாங்களா? (சிரிப்பு) வாசல் கீரை தீர்ந்ததாலேதானே ஏறுகிறார்கள்!

பெரிய வயல்களைப் பாருங்கள். உலகத்திலேயே பெரிய வயல் சவுதியின் கவார். கண்டுபிடித்தது 1948. குவைத்தின் புர்கான், 1938. நான் பிறப்பதற்கு முன்னாலேயே கண்டுபிடித்தவை. எனக்கே தலை நரைத்துவிட்டது. உலகத்திலே புதிய எண்ணெய் வயல்களைக் கண்டுபிடிக்கிற வேகம் 1960-களிலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கிவிட்டது. கண்டுபிடிக்காததை எடுக்க முடியுமா?

மெக்சிகோவிலே கேன்டரெல் என்றொரு கடல் வயல். கேன்டரெல் ஒரு மீனவர். கடல் மேலே எண்ணெய் மிதக்கிறதைப் பார்த்துச் சொன்னவர். அவர் பெயரையே வைத்தார்கள். 2004-ல் நாளொன்றுக்கு 21 லட்சம் பீப்பாய் கொடுத்த வயல் அது. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்திலே அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. பிரிட்டன் பங்கு வடகடல் எண்ணெய் 1999-ல் உச்சம். நம்ம பம்பாய் ஹை வயல், 1974-ல் கண்டுபிடித்தது, 1989 வாக்கிலே உச்சம், அப்புறம் இறக்கம்தான். இந்தோனேசியா எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கிலே உறுப்பினராக இருந்த நாடு. வாங்குகிற நாடாக மாறிப்போய், 2008 கடைசியிலே அதிலிருந்து விலகி நின்றது. அங்கெல்லாம் மக்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னார்களா? பூமி ‘இல்லை’ என்றது!

‘கையிருப்பு நிறைய இருக்குன்னு அந்த நாடுகளே கணக்குக் கொடுத்திருக்காங்களே’ என்று சகோதரி கேட்டார்கள். அம்மா, 1980-களிலே, யார் எவ்வளவு எடுக்கலாம் என்று பங்கு பிரிக்கிற பேச்சு ஒபெக்கிலே நடந்தது. 1985-ல் குவைத் தன் கையிருப்புக் கணக்கைத் தடாலென்று உயர்த்தியது. பின்னாலேயே அபுதாபி, ஈரான், இராக், வெனிசுவேலா, சவுதி. புதுசாக அந்த அளவுக்கு வயல் கண்டுபிடித்தார்களா என்றால் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும்போது சொத்துக் கணக்கு சொல்லுவாங்களே, அந்த மாதிரி! (பலத்த சிரிப்பு) தாலி கட்டின பிறகுதானே பத்திரம் அடகிலே இருப்பது தெரியும்!

எதிரணியின் பெரிய ஆயுதம் பாறை எண்ணெய். ஷேல் என்கிறார்கள். டெக்சாஸிலே ஜார்ஜ் மிட்செல் என்ற முதலாளி, பாறையைத் தண்ணீர் அழுத்தத்தாலே உடைத்து எரிவாயு எடுக்கப் பல வருஷம் போராடி, 1990-களின் கடைசியிலே ஜெயித்தார். அந்த வித்தையும், கிணற்றைப் படுக்கை வாட்டத்திலே தோண்டுகிற வித்தையும் சேர்ந்து எண்ணெய்க்கும் வழி திறந்தது. 2018-ல் அமெரிக்கா தன் பழைய 1970 உச்சத்தையே தாண்டியது. 2023-ல் நாளொன்றுக்கு சுமார் ஒரு கோடியே இருபத்தொன்பது லட்சம் பீப்பாய். ஹப்பர்ட் இதை எதிர்பார்க்கவில்லை. மனித மூளைக்கு ஒரு கும்பிடு போடுகிறேன். நிஜமாகவே போடுகிறேன்.

ஆனால் அது எப்போது நடந்தது? 2008 ஜூலையில் விலை 147 டாலருக்கு ஏறின காலத்தை ஒட்டி! நல்ல விலை கிடைத்ததாலே பாறையை உடைத்தார்கள். அந்தக் கிணறுகளின் குணம் என்ன? முதல் வருஷத்திலேயே பாதிக்கு மேல் வேகம் குறைந்துவிடும். உடனே அடுத்த கிணறு தோண்ட வேண்டும். எங்கள் தோட்டத்து கம்ப்ரசர் போர் ஞாபகம் வருகிறதா?

நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பாரிஸிலே இருக்கிற சர்வதேச எரிசக்தி முகமை சொல்வதைக் கேளுங்கள். பாறை எண்ணெய், மணல் எண்ணெய் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, வழக்கமான கச்சா எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டால், அது 2006-லேயே நாளொன்றுக்கு ஏழு கோடி பீப்பாய் என்று உச்சத்தைத் தொட்டுவிட்டது, இனி அந்த அளவை எட்டாது என்று 2010-லேயே எழுதினார்கள். 2025 செப்டம்பரிலே இன்னொரு அறிக்கை. சுமார் பதினைந்தாயிரம் வயல்களை ஆராய்ந்தார்கள். பணம் போடுவதை நிறுத்தினால் உலக உற்பத்தி ஒவ்வொரு வருஷமும் நாளொன்றுக்கு 55 லட்சம் பீப்பாய் குறையும் என்றார்கள். பிரேசிலும் நார்வேயும் சேர்ந்து எடுக்கிற அளவு வருஷா வருஷம் காணாமல் போகும்! எண்ணெய், எரிவாயு எடுப்பதற்குப் போடும் பணத்திலே ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு, இந்த இறக்கத்தை ஈடுகட்டவே போகிறதாம். ஓட்டைக் குடத்திலே தண்ணி ஊற்றுகிற கதை. குடம் நிறைஞ்சு இருக்கிறதைப் பார்த்து எதிரணி மகிழ்கிறது. ஊற்றுகிறவன் கை வலிக்கிறது யாருக்குத் தெரியும்? (கைதட்டல்)

‘2020 ஏப்ரல் 20-ஆம் தேதி அமெரிக்காவிலே எண்ணெய் விலை பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் 37 டாலருக்குப் போனதே’ என்று கேட்டார்கள். உண்மைதான். கொரோனாவால் ஊரே வீட்டுக்குள் இருந்தது. எண்ணெயை வைக்கத் தொட்டியிலே இடம் இல்லை. ஒரு நாள் மழையிலே ஏரி உடைந்தால், அந்த ஊரிலே இனிமேல் பஞ்சமே வராது என்று எழுதிக் கொடுப்பீர்களா?

‘நார்வேயைப் பாருங்கள்’ என்றார்கள். பார்த்தேன். 2024-ல் அங்கே விற்ற புதுக் கார்களிலே நூற்றுக்கு எண்பத்தெட்டுக்கு மேல் மின்சாரக் கார். பாராட்டுகிறேன். ஆனால் அதே நார்வே எண்ணெயை எடுத்து அடுத்த நாட்டுக்கு விற்கிறது. கடை முதலாளி குடிக்க மாட்டார். கடையை மட்டும் சாயங்காலம் சரியாத் திறந்திடுவார்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நான் மின்சாரக் காருக்கு எதிரி இல்லை. அது வர வேண்டும். புகையாலே பூமி சூடாகிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே எண்ணெயைக் குறைக்க வேண்டும். அதிலே எதிரணியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மனிதன் தானாகத் திருந்தி ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவான் என்று நம்பிச் சும்மா இருக்காதீர்கள். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, மூன்று டாலர் எண்ணெய் நாலு மடங்கு ஏறின பிறகுதானே உலகம் சிக்கனத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தது? அவன் ‘வேண்டாம்’ என்பதற்குப் பின்னாலே ‘கட்டுப்படியாகாது’ என்ற சொல் ஒளிந்திருக்கிறது. கட்டுப்படியாகாமல் போவதற்குப் பின்னாலே ஆழம் இருக்கிறது. அது எங்கள் கட்சி!

இந்தத் தலைப்பிலே யார் ஜெயித்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். 2022-ல் இலங்கையிலே என்ன நடந்தது? நம் சொந்த பந்தங்கள் வாழ்கிற பூமி. பெட்ரோலுக்கு நாள் கணக்கிலே வரிசை. வரிசையிலே நின்ற முதியவர்கள் மயங்கி விழுந்து செத்தார்கள். ஜூன் கடைசியிலே, அத்தியாவசியச் சேவைக்குத் தவிர எரிபொருள் கிடையாது என்று அரசே அறிவித்தது. அந்த வருஷம் உலகத்திலே எண்ணெய் இல்லையா? நாளொன்றுக்குப் பத்துக் கோடி பீப்பாய் ஓடியது! அந்த நாட்டின் கையிலே டாலர் இல்லை. அது பூமி வற்றியதாலே வந்த கஷ்டம் அல்ல. அந்நியச் செலாவணிக் கஷ்டம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எண்ணெய் எட்டாத உயரத்துக்குப் போனால் ஒரு வீடு எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே ஒத்திகை. உலகத்திலே இருந்தது, அந்த வரிசையிலே இல்லை. ஆயிரத்து இருநூறு அடியிலே தண்ணி இருந்தது. எங்கள் தோட்டத்திலே இல்லை!

இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயிலே நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளியிலே வாங்குகிற நாடு. விலை ஏறினால் பணக்கார நாடு காரை மாற்றும். நாம் எதை மாற்றுவோம்? லாரி வாடகை ஏறும், தக்காளி ஏறும், மீனவன் படகு கரையிலேயே நிற்கும்.

கடைசியாக ஒன்று. தோட்டத்தை விற்ற அன்றைக்கு, பத்திரப் பதிவு முடிந்து வந்து அப்பா திண்ணையிலே உட்கார்ந்தார். தாத்தா அப்போது இல்லை. அப்பா சொன்னார்: ‘எங்கப்பா தண்ணி தீருதுன்னு சொன்னப்போ, அது என்னைக்குத் தீரும்னு கேட்டேன். அவருக்குத் தேதி சொல்லத் தெரியல. அதனால நான் கேக்கல. சொட்டு நீர் போட்டிருக்கலாம். கரும்பை விட்டுட்டுக் கேழ்வரகுக்குப் போயிருக்கலாம். முதல் போர் போடறப்பவே செஞ்சிருந்தா தோட்டம் இருந்திருக்கும்.’

நடுவர் அவர்களே, தேதி சொல்லத் தெரியாதவன் சொன்னாலும் ஆழம் ஆழம்தான். 2000 என்றார்கள், தப்பியது. 2005 என்றார்கள், தப்பியது. இனிச் சொல்கிற தேதியும் தப்பலாம். ஆனால் அறுபத்தொன்பதரை அடியிலே தொடங்கின கிணறு கடலுக்கு அடியிலே உப்பைத் துளைக்கிறதே, அந்தக் கணக்கு தப்பாது. மனிதன் ‘வேண்டாம்’ என்று சொல்லக் கற்றுக்கொள்ளட்டும், நல்லது. ஆனால் சொல்ல வைக்கப் போவது பூமிதான். அவள் பொறுமையாகச் சொல்கிறபோதே கேட்டுக்கொண்டால் தோட்டம் மிஞ்சும் என்று கூறி, நல்ல தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்குமாறு உங்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)